ஓடுபாதைக்கு அருகே ஓர் ஊர்: புரோத்ராபூரும் வான்குடைப் படைகளும்

அந்தமானில் பெரிய போர் விமானங்கள் இறங்கும்படி ஓடுபாதை போட்டது ஜப்பானியப் படை. மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் தீவு மக்கள். இரண்டாம் உலகப் போரின்போது லம்பாலைன் பகுதியில் கட்டாய வேலை வாங்கி அமைக்கப்பட்ட அந்தப் பாதைதான் நீண்டு அகன்று இன்றைய வீர சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையமாகியிருக்கிறது. சென்னையில் காலை விமானம் ஏறுபவர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்போது அங்கே இறங்கிவிடுகிறார். கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. ஆனாலும் பேச்சில் அது இன்னும் போர்ட் பிளேர்தான். ஓடுபாதையில் பயணிகள் விமானத்துக்குப் பக்கத்திலேயே கடற்படையின் சாம்பல் நிற விமானங்கள் நிற்கின்றன. 1985-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் என்ற கடற்படை விமானதளமும் இதே ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகிறது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புரோத்ராபூர். தெற்கே சிடியா டாப்பு போகிறவர்கள் கடந்து செல்லும் புறநகர் ஊர். தென்னை, பாக்கு, வாழை, தகரக் கூரை வீடுகள், இந்தியும் வங்காளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் கடைகள். செல்லுலார் சிறை நினைவுச் சின்னமாகிவிட்டதால் இன்றைய கைதிகளுக்கான மாவட்டச் சிறை இங்கேதான் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் பிரிச்கஞ்ச் ராணுவ முகாம். அதையும் தாண்டினால் காலிகட், பர்மாநாலா. கேரளத்து ஊரின் பெயர் கடல் கடந்து வந்ததற்குக் காரணம், 1921 மாப்பிளைக் கிளர்ச்சிக்குப் பின் இங்கே அனுப்பப்பட்டவர்கள்.

புரோத்ராபூரில் போர்க்காலத்தில் ஒரு வான்குடை வீரர்கூடக் குதித்ததில்லை. அந்தமானை ஜப்பான் பிடித்த 1942-ஆம் ஆண்டு ஆசியாவில் பாராசூட் படைகளுக்குப் பொற்காலம். கிழக்கே சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே ஜப்பான் மூன்று இடங்களில் வானிலிருந்து ஆட்களை இறக்கியிருந்தது. இங்கே மட்டும் கப்பலில் வந்தது. அந்த வேறுபாட்டுக்கான விடை ஓடுபாதையில் இருக்கிறது. பாராசூட் படைகளின் வரலாற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடமும் அதுவே.

குடை பிடித்து வானிலிருந்து இறங்குவது பழைய ஆசை. பிரான்சின் ஆந்திரே ழாக் கார்னெரின் 1797-ல் பாரிஸில் பலூனிலிருந்து குதித்து உயிரோடு தரையைத் தொட்டார். முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் அமெரிக்கத் தளபதி பில்லி மிட்செல், ஒரு பெரும் படையையே மெட்ஸ் நகரத்துக்குப் பின்னால் பாராசூட்டில் இறக்கலாம் என்று திட்டம் சொன்னார். போர் முடிந்துவிட்டதால் அது தாளோடு நின்றது. சொன்னதைச் செய்து காட்டியது சோவியத் நாடு. 1930 ஆகஸ்ட் 2-ல் வரோனெஷ் அருகே 12 பேர் குதித்த நாளையே ரஷ்ய வான்வழிப் படை இன்றும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஐந்தே ஆண்டில், கீவ் பயிற்சியில், குதித்தவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. 1936-ல் மற்றொரு பயிற்சியைப் பார்க்க அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் தளபதி ஆர்ச்சிபால்ட் வேவல் வியந்துபோய் அறிக்கை எழுதினார். லண்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941 அக்டோபரில் இந்தியாவின் முதல் பாராசூட் படையணி எழுப்பப்பட்டபோது இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அதே வேவல்.

ஜெர்மனி பெரிதாக எடுத்துக்கொண்டது. 1940 மே 10 விடியலில் எண்பதுக்குச் சற்று கூடக் குறைய ஆட்கள், இயந்திரமில்லாத கிளைடர்களில் ஓசையின்றி மிதந்து வந்து பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் கூரைமேலேயே இறங்கினார்கள். பல நூறு பேர் காவல் காத்த, ஐரோப்பாவிலேயே மிக வலிமையானது என்று பேசப்பட்ட கோட்டை மறுநாள் சரணடைந்தது. சுவரை உடைக்கும் யோசனையிலேயே இருந்தவர்கள் கூரையை மறந்துவிட்டார்கள்.

தீவு ஒன்றை முழுக்க வான்வழியே பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டு கிரீட் பதில் சொன்னது. அந்தமானைப் பற்றி எழுதும்போது கிரீட்டைத் தாண்டிப் போக முடியாது. 1941 மே 20 காலையில் ஜெர்மானிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் தீவின் வடகரையில் குதித்தார்கள். அவர்களுடைய பாராசூட் முதுகில் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருந்தது. குதித்தவர் தலை முன்னே சாய்ந்தபடி தொங்குவார், திசை திருப்ப வழியில்லை. துப்பாக்கி, தோட்டா எல்லாம் தனிப் பெட்டிகளில் தனிக் குடைகளில் இறங்கின. தரையைத் தொட்டவர் கையில் கைத்துப்பாக்கி ஒன்றுதான். பெட்டி எங்கே விழுந்தது என்று தேடி ஓடுவதற்குள் நியூஸிலாந்து, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கிரேக்க வீரர்களும், அரிவாளும் பழைய வேட்டைத் துப்பாக்கியுமாக வந்த கிராமத்து மக்களும் அவர்களைச் சுட்டும் வெட்டியும் வீழ்த்தினார்கள். முதல் நாள் இரவு ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்தது.

அன்றிரவு மாலெமே விமானதளத்தை மேலிருந்து காத்த 107-ஆம் குன்றிலிருந்து நியூஸிலாந்தின் 22-ஆம் பட்டாலியன் பின்வாங்கியது. தன் முன்னணிப் பிரிவுகளோடு தொடர்பு அறுந்ததால் அவை அழிந்துவிட்டன என்று தளபதி எண்ணிக்கொண்டதே காரணம். காலையில் குன்று ஜெர்மானியர் கையில். அன்று மாலையே, பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையில் யுங்கர்ஸ் 52 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்படையினரை இறக்கின. பல விமானங்கள் ஓடுபாதையிலேயே நொறுங்கினாலும் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பத்து நாளில் தீவு விழுந்தது. குதித்தவர்கள் சண்டையைத் தொடங்கினார்கள். ஓடுபாதையில் இறங்கியவர்கள் அதை முடித்தார்கள். ஜெர்மனிக்கு இறந்தவர், காணாமல் போனவர் கணக்கு நாலாயிரத்தை ஒட்டியது. இவ்வளவு விலை கொடுத்தபின் ஹிட்லருக்குப் பெரிய பாராசூட் தாக்குதலில் நம்பிக்கை போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே கிரீட்டைப் பார்த்து பிரிட்டனும் அமெரிக்காவும் நேர்மாறான முடிவுக்கு வந்து தங்கள் பாராசூட் படைகளைப் பெருக்கிக்கொண்டன.

ஜப்பான் கற்றுக்கொண்டது விமானதளப் பாடத்தை. 1942 ஜனவரி 11-ல் அதன் கடற்படைப் பாராசூட் வீரர்கள் செலிபிஸ் தீவின் மெனாடோ அருகே லாங்கோவான் விமானதளத்தில் குதித்தார்கள். பிப்ரவரி 14-ல் ராணுவப் பாராசூட் வீரர்கள் சுமத்திராவின் பாலெம்பாங்கில் விமானதளத்தின் மேலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மேலும் இறங்கினார்கள். பிப்ரவரி 20-ல் தீமோர். மூன்று இடத்திலும் இலக்கு ஓடுபாதை, பாலெம்பாங்கில் அதோடு எண்ணெய்.

மூன்று முறையும் தீவுகள், மூன்று முறையும் வெற்றி. அப்படியானால் அடுத்த மாதம் அந்தமானில் ஏன் குதிக்கவில்லை? பாய்ந்து பிடித்து உடனே பயன்படுத்திக்கொள்ளும்படியான பெரிய விமானதளம் இங்கே இல்லை. எதிர்ப்பும் இல்லை. காவலுக்கு இருந்த ராணுவப் பிரிவைப் பிரிட்டன் முன்பே திருப்பி அழைத்துக்கொண்டிருந்தது. எஞ்சியது காவல் படையினரும் சில அதிகாரிகளும். 1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் படகுகளில் வந்து கரையேறினார்கள். ஒரு சண்டையும் நடக்கவில்லை. தீவில் அவர்களுக்கு முதலில் பயன்பட்டது தரையல்ல, அமைதியான விரிகுடாத் தண்ணீர். பெரிய பறக்கும் படகுகள் அதில் இறங்கின. ஏப்ரலில் பர்மாவின் அக்யாபிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஹட்சன் விமானங்கள் தாக்கியது அந்தப் பறக்கும் படகுகளைத்தான். ஓடுபாதை வேலை அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் வழியில் அந்தக் காலத்துக் கான்கிரீட் பதுங்குகுழிகள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. சுவர் கனம், வாசல் தாழ்வு, துப்பாக்கித் துளை ஒரு சாண் உயரம். சில சாய்ந்துவிட்டன, சிலவற்றை மணல் பாதி விழுங்கிவிட்டது. எல்லாத் துளைகளும் பார்ப்பது நீர்ப்பரப்பை. கடலிலிருந்து வந்தவர்கள், அடுத்தவரும் கடலிலிருந்தே வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அது சரியான கணிப்பே. பிரிட்டிஷ் உளவுப் பிரிவு 1943 ஜனவரியில் தீவுக்குள் ஆள் அனுப்பியபோது வான்குடை வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. போர்ட் பிளேரில் காவல் கண்காணிப்பாளராக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, ஓ-24 என்ற டச்சு நீர்மூழ்கியில் வந்து நடு அந்தமானின் மேற்குக் கரையில் சிறு குழுவோடு இறங்கினார். உயர்ந்த மரங்கள் நெருங்கி நிற்கும் மழைக்காட்டில் குடையோடு விழுபவர் கிளையில் தொங்குவாரே தவிரத் தரைக்கு வரமாட்டார். அந்த உளவுப் பயணங்களின் விலையைக் கொடுத்தவர்கள் தீவு மக்கள். எங்கும் ஒற்றர் என்று சந்தேகப்பட்ட ஜப்பானியர் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். தீவில் பணிபுரிந்த டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் வதைபட்டு 1944 ஜனவரி 14-ல் இறந்தார். ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுடப்பட்டார்கள். இதற்குச் சில வாரங்கள் முன்பு, 1943 டிசம்பர் 29-ல், சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் போர்ட் பிளேருக்கு வந்து, மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றிப் போயிருந்தார்.

அந்தமானை மீட்க நேச நாடுகள் திட்டமிடாமல் இல்லை. 1943 நவம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட், சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு ‘பக்கனீர்’ என்ற பெயரில் ஒரு கடல்வழிப் படையெடுப்பை உறுதியளித்தார். தரையிறங்கு படகுகள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டதால் டிசம்பரிலேயே அது கைவிடப்பட்டது. நார்மண்டிக்கான படகுக் கணக்கில் அடிபட்டுப்போன தீவு இது.

இதற்கிடையில் இந்தியாவில் பாராசூட் படை வளர்ந்துகொண்டிருந்தது. 1941 அக்டோபரில் டெல்லியில் தொடங்கிய 50-ஆவது இந்தியப் பாராசூட் படையணியில் மூன்று பட்டாலியன்கள்: 151 பிரிட்டிஷ், 152 இந்திய, 153 கூர்க்கா. தொடக்கத்தில் குதிக்க ஆள் இருந்தது, குடைதான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சில பாராசூட்களை மடித்து மடித்துப் பயன்படுத்தினார்கள். கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை எழுந்த பிறகே நிலைமை சீரானது. விமானங்களோ வேலன்ஷியா என்ற பழைய இரட்டை இறக்கை வகை.

இந்திய வீரர்களில் முதலில் குதித்த இருவர், 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும். ஏ என்பது ஆற்காடு. சண்டைக்காரர்களுக்கு முன்னால் ஒரு மருத்துவர் குதித்திருக்கிறார் என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

அந்தப் படையணியின் முதல் வேலைகள் சிறியவை. 1942 ஆகஸ்டில் பர்மாவின் வடகோடியில் உள்ள ஃபோர்ட் ஹெர்ட்ஸில் கூர்க்காக்களின் சிறு குழு குதித்தது. ஊர் எதிரி கையில் விழவில்லை. குதித்தவர்கள் ஓடுபாதையைச் செப்பனிட்டார்கள். சில நாளில் விமானங்கள் வரத் தொடங்கின. 1944 மார்ச் 5 இரவில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படை கிளைடர்களில் பர்மாக் காட்டுக்குள் ‘பிராட்வே’ என்று பெயரிடப்பட்ட வெட்டவெளியில் இறங்கியதும் இதே கதையின் பெரிய வடிவம். புல்லுக்குள் மறைந்திருந்த பள்ளங்களிலும் இழுத்துப் போடப்பட்டிருந்த மரங்களிலும் மோதி கிளைடர்கள் நொறுங்கின, பலர் இறந்தார்கள். ஆனால் உயிர் பிழைத்த அமெரிக்கப் பொறியாளர்கள் சிறு புல்டோசரை வைத்துக்கொண்டு மறுநாள் மாலைக்குள் ஓடுபாதை அமைத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் சுமார் 9,000 பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதை, குதிரைகளும் அப்பகுதியில் வந்திறங்கின.

குதிக்கக் கற்றுக்கொண்ட படையணிக்கு வாய்த்த பெரிய போரோ தரையில். அதே 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷக் மேட்டில், கோஹிமா நோக்கி வந்த ஜப்பானியரை 50-ஆவது படையணி நாள்கணக்கில் தடுத்து நின்றது. பாறை நிலம், பதுங்குகுழி வெட்ட முடியவில்லை, முள்கம்பி இல்லை, தண்ணீர் இல்லை. வானிலிருந்து போடப்பட்ட தண்ணீரும் தோட்டாவும் பெரும்பாலும் எதிரி பக்கமே விழுந்தன. பாராசூட் படைக்குப் பாராசூட்டே கைகொடுக்காத போர். நூற்றுக்கணக்கானோரை இழந்து மார்ச் 26 இரவில் பின்வாங்கினார்கள். அவர்கள் வாங்கிக்கொடுத்த நாட்களில்தான் கோஹிமாவும் இம்பாலும் தற்காப்புக்குத் தயாராயின.

ஐரோப்பாவில் அந்த ஆண்டு நடந்தவை பலரும் அறிந்தவை. ஜூன் 6-ல் நார்மண்டியில் மூன்று வான்வழி டிவிஷன்கள் இரவில் இறங்கின. செப்டம்பரில் ஆர்ன்ஹெமில் ரைன் நதிப் பாலத்தைப் பிடிக்கப் போன சுமார் 10,000 பேரில் நதியைத் திரும்பக் கடந்தவர்கள் 2,400-க்கும் குறைவு. தரைப்படை வந்து சேரும்வரைதான் வான்குடை வீரருக்கு ஆயுள். அங்கே அது வந்து சேரவில்லை.

அந்தமான் கடலோரத்தில் இந்திய ராணுவத்தின் பெரிய பாராசூட் தாக்குதல் 1945 மே 1-ல் நடந்தது. ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் யானை முனை என்ற இடத்தில் ஜப்பானியக் காவல் நிலை ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. கூர்க்காப் பாராசூட் வீரர்களைச் சேர்த்து அமைத்த ஒரு பட்டாலியன் அக்யாபிலிருந்து டக்கோட்டா விமானங்களில் புறப்பட்டு, மழைக்கு முந்தைய மேகத்துக்கு அடியில் குதித்தது. எதிரி சுடுவதற்கு முன் தம் விமானங்களே தவறாகக் குண்டு வீசியதில் கூர்க்காக்கள் சிலர் இறந்தார்கள். முனை வீழ்ந்தது. கப்பல்கள் ரங்கூனுக்குப் போனபோது ஜப்பானியர் நகரை விட்டே போயிருந்தார்கள்.

அந்தமான் கடைசிவரை காத்திருந்தது. போர் முடிந்து ஏழு வாரத்துக்குப் பின், 1945 அக்டோபர் 7-ல், கப்பலில் வந்த 116-ஆவது இந்தியக் காலாட்படை பிரிகேடிடம் ஜப்பானியத் தளபதிகள் ஜிம்கானா மைதானத்தில் சரணடைந்தார்கள்.

விடுதலைக்குப் பின் இந்தியப் பாராசூட் படையின் மிக உயர்ந்த கணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதில் துப்பாக்கிச் சூடு இல்லை. கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படை அனுப்ப மறுத்து, 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைவர், இப்போது லெப்டினன்ட் கர்னலாகிவிட்ட அதே ரங்கராஜ். 1950 நவம்பரில் கொரியாவில் இறங்கிய பிரிவு பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படை பெருக்கெடுத்து வந்தது. பின்வாங்க உத்தரவு வந்தது. வண்டி இல்லை, மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட மனமில்லை. கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். கைக்குக் கை வாளி மாற்றிக் கொதிகலனை நிரப்பி, விறகு எரித்து, பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள்.

1951 மார்ச் 23-ல் முன்சானில் அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படையினர் சுமார் 3,400 பேர் குதித்தபோது, அவர்களோடு ரங்கராஜும் சுமார் பன்னிரண்டு இந்திய மருத்துவப் பணியாளர்களும் குதித்தார்கள். அடிபட்டவர்களுக்கு வயல்வெளியிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. போர்ட் பிளேரில் ஜப்பானியர் கரையேறி அன்றோடு சரியாக ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. நாள்காட்டியின் தற்செயல், வேறொன்றுமில்லை. மூன்றாண்டுக்கு மேல் கொரியாவில் இருந்த அந்தப் பிரிவு பார்த்த நோயாளிகள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம்.

அதே காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமின் தியென் பியென் ஃபூ பள்ளத்தாக்கில் 1953 நவம்பர் 20-ல் பாராசூட் வீரர்களை இறக்கினார்கள். அங்கிருந்த பழைய ஓடுபாதையே அவர்களை ஈர்த்தது. சுற்றியிருந்த மலைகளில் வியட்மின் பீரங்கிகள் ஏறியபின் மார்ச் கடைசியில் ஓடுபாதை செத்தது. 1954 மே 7-ல் கோட்டையும் விழுந்தது. கிரீட்டின் கதை தலைகீழாக நடந்தால் இப்படித்தான் இருக்கும்.

1971 டிசம்பர் 11 மாலையில் இந்தியாவின் 2-ஆவது பாராசூட் பட்டாலியன், லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவின் தலைமையில், கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல் அருகே குதித்தது. ஏறத்தாழ 700 பேர். வடக்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையை லோஹாஜங் ஆற்றின் பூங்ளி பாலத்தில் மறிப்பது திட்டம். பாலம் அன்றே கைக்கு வந்தது. உலகப் பத்திரிகைகளில் இந்த 700 பேர் 5,000 பேராகிவிட்டார்கள். அந்தப் பெருக்கமும் டாக்காவின் மனவுறுதியைக் குலைத்ததில் பங்கு பெற்றது. ஆர்ன்ஹெமில் வராத தரைப்படை இங்கே மறுநாளே வந்து சேர்ந்தது. டிசம்பர் 16-ல் டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு அடுத்த நிகழ்ச்சியைப் பற்றிப் படிப்பது அவ்வளவு எளிதல்ல. 1987 அக்டோபர் 11 நள்ளிரவுக்குப் பின் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் ஆட்களை இறக்கியது. விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். 10-ஆவது பாரா கமாண்டோவினர் சுமார் நூறு பேர், அவர்களுக்குத் துணையாக 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படை. புலிகள் காத்திருந்தார்கள். சூடு தாங்காமல் ஹெலிகாப்டர்கள் தொடர்ந்து வர முடியவில்லை. இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரில் ஒருவர் மட்டும் பிடிபட்டு உயிர் பிழைத்தார். கமாண்டோவினர் வீடுகளுக்குள் நிலையெடுத்துத் தாக்குப்பிடித்து, ரயில் பாதை வழியே வந்த டாங்கிகளால் மீட்கப்பட்டார்கள். கொக்குவில் பிரம்படிப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். நெருக்கமான குடியிருப்புக்கு நடுவே, எதிரி அறிந்த இடத்தில், தொடர்ந்து ஆள் சேர்க்க வழியில்லாமல் இறங்கியது தவறான திட்டம். அதைச் சொல்ல ராணுவ நிபுணர் வேண்டியதில்லை.

ஓராண்டு கழித்து, 1988 நவம்பர் 3-ல், மாலத்தீவில் நடந்தது நேரெதிர். அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகருக்காக ஈழத்தின் புளொட் இயக்கத்தவர் கடல்வழியே வந்து மாலேயைப் பிடித்தார்கள். அதிபர் கய்யூம் ஒளிந்துகொண்டு டெல்லியிடம் உதவி கேட்டார். அன்று மாலையே 50-ஆவது பாராசூட் படையணியின் 6-ஆவது பட்டாலியன், பிரிகேடியர் ஃபரூக் புல்சாராவோடு, ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்களில் கிளம்பியது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காத பயணம். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: ஹுல்ஹுலே தீவின் ஓடுபாதை யார் கையில்? மாலேயைப் பிடித்த கலகக்காரர்கள் அருகிலிருந்த விமான நிலையத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தார்கள். பாதை அடைபட்டிருந்தால் சிறு குழு குதித்து அதைத் திறக்க வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்தது. தேவைப்படவில்லை. இருளில் விமானங்கள் இறங்கின, வீரர்கள் படகில் மாலே போனார்கள், விடியுமுன் அதிபர் பாதுகாப்பாக இருந்தார். பிணையாளிகளோடு தப்பிய கப்பலைக் கடற்படை துரத்திப் பிடித்தது. ஒருவரும் குதிக்காத அந்த இரவே இந்தியப் பாராசூட் படையின் மிகச் சுத்தமான வெற்றி.

ஹுல்ஹுலேயைப் பார்த்தபின் புரோத்ராபூருக்குப் பக்கத்து ஓடுபாதை வேறு மாதிரி தெரிகிறது. இப்போது அதன் நீளம் ஏறத்தாழ 3,290 மீட்டர். பெரிய ராணுவப் போக்குவரத்து விமானமும் இறங்கும். 2001 அக்டோபரில் முப்படையும் ஒரே தளபதியின் கீழ் வரும் இந்தியாவின் முதல் கூட்டுக் கட்டளையகம் போர்ட் பிளேரில் அமைந்தது. தெற்கே கார் நிகோபார் விமானப்படைத் தளம், அதற்கும் தெற்கே காம்பெல் பேயில் 2012-ல் திறந்த ஐ.என்.எஸ். பாஸ், வடக்கே ஷிப்பூரில் 2019-ல் பெயர் சூட்டிய ஐ.என்.எஸ். கொஹாசா என்று தீவுச் சங்கிலி முழுவதும் ஓடுபாதைகள். 2021 நவம்பரில் ஆக்ராவின் ஷத்ருஜீத் படையணி, அதாவது சங்ஷக்கில் நின்ற அதே 50-ஆவது, இந்தத் தீவுகளில் வான்வழி இறங்கும் பயிற்சி நடத்தியது. 1942-ல் எவரும் குதிக்காத தீவுகளின் மேல் குடைகள் விரிந்தன, பயிற்சிக்காக.

அந்த வீரர்கள் ஆக்ராவில் கற்பது எளிய, கொடூரமான ஒழுங்கு. ஐந்து முறை குதித்தால்தான் மார்பில் இறக்கைச் சின்னம், அதில் ஒன்று இரவில். சுமார் 1,250 அடி உயரத்தில் விமானத்தின் கதவு திறந்திருக்கும். கம்பியில் மாட்டிய பட்டை முதுகுக் குடையை இழுத்துத் திறக்கும். குதிப்பவர் எதையும் இழுக்க வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு பச்சையானதும் வரிசை நிற்காமல் நகரும். ஒருவர் தயங்கினால் பின்னால் இருப்பவர் எங்கோ மரத்தில் போய் விழுவார்.

அவர்கள் அதிகம் குதிப்பது ஏ.என்.-32 விமானத்திலிருந்து. சென்னை தாம்பரத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ‘கூரியர்’ என்ற பெயரில் பறந்துகொண்டிருந்ததும் அதே வகை. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய ஒன்று வங்கக் கடலின் மேல் மறைந்தது. ஏழரை ஆண்டுக்குப் பின், 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பறக்கும் ஒவ்வொரு பயணியும் ஏறக்குறைய அந்தக் கடற்பகுதியைத் தாண்டித்தான் வருகிறார்.

ஓடுபாதையையும் பதுங்குகுழிகளையும் பார்க்க அரை நாள் போதும். கார்பின்ஸ் கோவ் சாலையோரக் குழிகளை மாலை வெயிலில் பார்ப்பது நல்லது. உள்ளே குனிந்து போனால் துப்பாக்கித் துளை வழியே கடல் தெரியும். பிறகு புரோத்ராபூர் வழியாகச் சிடியா டாப்பு வரை போகலாம். பிரிச்கஞ்ச் முகாம் பக்கம் மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளவும்.